தீவில் சிக்கிய சீட்டு

குட்மேய்ஸில் இறங்கவேண்டியவள் கேனரி வார்ஃபில் போய் நின்றேன். எலிசபெத் லைன் வைட்சேப்பலில் இரண்டாகப் பிரியும், பலகையைப் பார்த்து ஏறு என்று வதனி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். உட்கார இடம் கிடைத்த சந்தோஷத்தில் பலகையாவது ஒன்றாவது. படியேறி மேலே வந்தால் கண்ணாடி. அண்ணாந்தால் இன்னும் கண்ணாடி. மேகம் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போனது. மலைக்கோட்டையைப் பார்த்து வளர்ந்த கழுத்து எனக்கு. உச்சியில் ஒரு பிள்ளையாராவது இருப்பார் என்று தேடியது. வங்கிகளின் பெயர்கள்தான் இருந்தன. மழைக்கோட்டு ஆட்கள் ஒருவரையொருவர் இடிக்காமல், பார்க்காமல், தொட்டி மீன்கள் மாதிரி விலகி விலகிப் போனார்கள்.

தொலைபேசியில் வதனி கேட்டாள்.

“எங்கயடி நிக்கிறாய்?”

“கேனரி வார்ஃப்னு போட்டிருக்கு.”

“அங்க உனக்கென்ன அலுவல்? பாங்க் ஒண்டு திறக்கப் போறியோ?”

“வழி சொல்லுடி.”

“வந்த வழியால வைட்சேப்பலுக்குத் திரும்பிப் போ. ஷென்ஃபீல்ட் எண்டு போட்டிருக்கிற ரயிலில ஏறு. வாசிக்கத் தெரியும்தானே, எழுத்தாளர்?”

வதனியும் நானும் திருச்சியில் ஒரே கல்லூரி, ஒரே விடுதி அறை. யாழ்ப்பாணத்தில் சண்டை முற்றியபோது படிக்க அனுப்பப்பட்டவள். படிப்பு முடிந்ததும் லண்டன் வந்துவிட்டாள். நான் திருச்சியிலேயே தங்கி, சம்பளத்துக்கு மொழிபெயர்த்தும் சம்பளமில்லாமல் எழுதியும் நடுவயதுக்கு வந்து சேர்ந்தேன். இந்த முறை லண்டனில் ஒரு இலக்கியக் கூட்டத்துக்கு அழைத்திருந்தார்கள். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மைக் வேலை செய்தது. கூட்டம் முடிந்து ஒரு வாரம் வதனி வீட்டில் இருப்பதாக ஏற்பாடு. இந்தக் கட்டுரை அந்த வாரத்தைப் பற்றியது. கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறட்டும் என்று காத்திருந்தால் எழுதமாட்டேன் என்பதால் சூட்டோடு எழுதுகிறேன்.

ஒட்டி ஒட்டிக் கட்டிய செங்கல் வீடுகளின் வரிசையில் அவளுடையது ஒன்று. வாசலில் செருப்பு வைக்க ஒரு தட்டு, தட்டுக்குமேல் சரஸ்வதி. இடியப்பம், சொதி, கத்தரிக்காய்ப் பால்கறி, மாசிச் சம்பல். இடியப்பத்தைப் பால்போன்ற சொதியில் ஊறப்போட்டுச் சாப்பிட இவர்களிடம்தான் கற்கவேண்டும். நாங்கள் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் போட்டு அதைக் குழந்தைச் சாப்பாடாக்கிவிட்டோம். நான் மூன்றாம் தடவை வாங்கிக்கொண்டிருந்தேன். வதனியின் தட்டு போட்டது போட்டபடியே இருந்தது.

“நீ ஏன் சாப்பிடலை?”

அவள் கணவர் நேசன் பதில் சொன்னார். பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் முடித்து வந்தவர், சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். “அவ இப்ப சோறு தண்ணி இல்லை. கிரிப்டோதான் சாப்பிடுறா.”

“இஞ்சாருங்கோ, பகிடி விடாதேங்கோ.”

“பகிடி இல்லை. அழுதா நீர் கோவிப்பீர். அதான் சிரிக்கிறன்.”

விஷயம் இதுதான். வதனி சீட்டுப் பிடிக்கிறவள். கவுன்சிலில், நம்மூர் நகராட்சி மாதிரி, சம்பளக் கணக்கு பார்க்கும் வேலை. மாதத்தின் முதல் ஞாயிறு வீட்டில் சீட்டு. இருபது பேர். இல்ஃபோர்ட்காரர்கள், குட்மேய்ஸ்காரர்கள், சவுத்தாலிலிருந்து ஒரு குடும்பம், டொராண்டோவில் இரண்டு பேர். எல்லாரும் மாதாமாதம் ஒரே தொகை போடுவார்கள். மொத்தத்தையும் அந்த மாதம் ஒருவர் எடுத்துக்கொள்வார். அடுத்த மாதம் இன்னொருவர். சுற்று முடிந்தால் தகரப் பேணியில் பெயர்களைப் போட்டுக் குலுக்கிப் புதுச் சுற்று. அகதியாக வந்து இறங்கியவர்களுக்கு எந்த வங்கி கடன் கொடுத்தது? அந்தத் தெருக்களில் வாங்கிய முதல் கார், முதல் வீட்டு முன்பணம், வழக்கறிஞருக்குக் கட்டிய கூலி, ஊரில் இருந்து ஒருவரை இங்கே வரவழைக்க ஆன செலவு எல்லாம் இப்படி யாரோ ஒரு வதனியின் வரவேற்பறையில் இருந்து புறப்பட்டதுதான்.

இப்போது வங்கிக் கணினியின் கண்ணுக்கு இது எப்படித் தெரியும் என்று பாருங்கள். மாதத்தின் ஒரு வாரத்தில் இருபது பேரிடமிருந்து ஒரே அளவு பணம் ஒரு பெண்ணின் கணக்குக்கு வருகிறது. வந்த வேகத்தில் மொத்தமும் வேறொருவருக்குப் போகிறது. அடுத்த மாதம் இன்னொருவருக்கு. கறுப்புப் பணத்தை வெளுப்பவர்கள் செய்வதும் இதையே. போன வருடம் அவளுடைய வங்கி கணக்கை மூடியது. ஏன் என்று கேட்டாள். காரணம் சொல்ல எங்களுக்கு அனுமதியில்லை என்றார்கள். திருடனுக்குக்கூடக் குற்றம் என்னவென்று படித்துக் காட்டுவார்கள்.

அப்போதுதான் டொராண்டோக்காரர் ஒருவர் யோசனை சொன்னார். டாலருக்குச் சமமாக நிற்கும் இணையக் காசு ஒன்று இருக்கிறது, ஏறாது இறங்காது, கைபேசியிலேயே அனுப்பலாம், வாங்கலாம். அதற்கொரு செயலி. அந்தச் செயலியை நடத்தும் நிறுவனம் கரீபியன் கடலில் ஒரு சின்னத் தீவில் உரிமம் வாங்கியது. தீவின் பெயர் எனக்குத் தெரியும், சொல்லப்போவதில்லை. வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் கூடும் கூட்டம் அங்கே போய் இறங்கினால் தீவு தாழ்ந்துவிடும், அவ்வளவுதான் அளவு.

சில மாதம் நன்றாக ஓடியது. பிறகு தீவில் விதிகளை இறுக்கினார்கள். யார் அனுப்பினார், யாருக்குப் போகிறது, எங்கிருந்து வந்த காசு என்று எல்லாம் கேட்டே தீரவேண்டும். சுற்றின் கடைசிச் சீட்டுப் பணம் முழுவதும் வதனியின் கணக்கில் இருந்த நேரம். செயலியின் அரட்டைப் பெட்டியில் ஒலிவியா என்று ஒரு பெயர் வந்தது. இந்தப் பணம் உங்களுடையதா என்று கேட்டது.

“நீ என்ன சொன்னே?” என்றேன்.

“உள்ளதைச் சொன்னன். இதில ஒரு சதமும் என்ர இல்லை, எல்லாம் ஆக்களின்ர காசு, நான் வைச்சிருக்கிறன், அவ்வளவுதான் எண்டு.” சொல்லும்போதே அவள் தலை நிமிர்ந்தது.

சீட்டுப் பிடிக்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய நற்சான்று கிடையாது. என் காசு வேறு, சீட்டுக் காசு வேறு, தொட்டதில்லை, கலந்ததில்லை. எங்கள் ஊரில் இந்த வார்த்தைக்குக் கும்பிடுவார்கள். ஒலிவியாவுக்கு அது ஒப்புதல் வாக்குமூலம். அடுத்தவர் பணத்தை உரிமமில்லாமல் கையாளுகிறேன் என்று வதனியே எழுதிக் கொடுத்துவிட்டாள். கணக்கு முடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை சீட்டு. எடுக்கவேண்டியவர் ராசண்ணை. அதற்குள் பணம் வரவேண்டும். அந்த வாரம் முழுவதும் அந்த வீட்டில் வேறு பேச்சில்லை.

அடுத்த நாள் வதனி லீவு போட்டாள். நிறுவனத்துக்கு லண்டனில் ஒரு முகவரி இருந்தது. நேரே போய்ப் பேசிவிடலாம் என்றாள். லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் இறங்கி நடந்தோம். முகவரியில் ஒரு பெரிய கட்டடம், உள்ளே நிஜச் செடிகள் போலவே இருந்த பொய்ச் செடிகள், பொய்ச் செடிகள் போலவே சிரித்த ஒரு வரவேற்பாளர். அவர் தலைக்குப் பின்னால் திரையில் நிறுவனங்களின் பெயர்கள் ஓடிக்கொண்டே இருந்தன, சினிமா முடிவில் ஓடுமே அப்படி.

“அவர்கள் எத்தனையாவது மாடி?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள் வதனி.

“அவர்கள் இங்கே இல்லை அம்மணி. அவர்களுக்கு வரும் தபாலை நாங்கள் வாங்கி வைப்போம்.”

“அப்போது யாரிடம் பேசுவது?”

“தபால் எழுதலாம். நான் வாங்கி வைக்கிறேன்.”

கேலி செய்யவில்லை அவர். அதுதான் அவர் வேலை. ஆனால் யோசித்துப் பாருங்கள். வதனியின் வீட்டு விலாசம், சம்பளச் சீட்டு, கடவுச்சீட்டு, முகத்தை இடமும் வலமும் திருப்பி எடுத்த படம், எல்லாம் அவர்களிடம் இருக்கின்றன. அவர்களுக்கு ஒரு நாற்காலிகூட இல்லை. வாடிக்கையாளரைத் தெரிந்துகொள் என்பது விதியாம். வாடிக்கையாளர் யாரைத் தெரிந்துகொள்வது?

வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கடையில் வாங்கிய சாண்ட்விச் சாப்பிட்டோம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த ரொட்டியை அப்படியே, குளிரில், தெருவோரத்தில் தின்னும் ஒரு நகரத்தை நான் எப்படி மதிப்பேன். பழைய சோறுகூட வெயிலில்தான் ருசி. பக்கத்தில் இரண்டு இளைஞர்கள் கழுத்தில் அடையாள அட்டையோடு பேசிக்கொண்டிருந்தார்கள்.

“வியாழக்கிழமை அந்தத் தீவுக்காரர்களின் கூட்டத்துக்கு வருகிறாயா?” என்றான் ஒருவன். தீவின் பெயரைச் சொன்னதும் வதனி மெல்லுவதை நிறுத்தினாள்.

“என்ன கூட்டம்?”

“கிரிப்டோ விதிகள், புதுச் சட்டம், இத்யாதி. ரம் இலவசம்.”

“அப்படியென்றால் சட்டத்தில் எனக்கு ஆர்வம் உண்டு.”

வதனி அங்கேயே கைபேசியை எடுத்துக் கூட்டத்தைத் தேடிக் கண்டுபிடித்து எங்கள் இருவர் பெயரையும் பதிந்தாள். தொழில் என்ற கட்டத்தில் எனக்கு ‘ஆலோசகர்’ என்று போட்டாள்.

“நான் யாருக்குடி ஆலோசனை சொல்றேன்?”

“கவிதை எழுதுறவ எண்டு போட்டா வாசலிலயே மறிச்சுப் போடுவாங்கள். பேசாம இரு.”

அன்று மாலை ராசண்ணை வந்தார். அறுபதைத் தாண்டிய மனிதர், ஒரு மொத்தக் கடைக்கு வேன் ஓட்டுகிறவர். பிறர் கடைகளுக்குச் சாமான் இறக்கியே தோள் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. ஒவ்வொரு சுற்றிலும் “எனக்குக் கடைசியாத் தாங்கோ, எனக்கென்ன அவசரம்” என்று விட்டுக்கொடுத்து வந்தவர். இந்த முறை முதல்தடவையாக அவசரம் இருந்தது. இல்ஃபோர்டில் ஒரு சின்னக் காய்கறிக் கடை கைமாறுகிறது. திங்கட்கிழமை முன்பணம் கட்டினால் சாவி. சுற்றில் எல்லாரும் எடுத்து முடித்துவிட்டார்கள். ஆகவே முடங்கிய பணம் முழுக்க அவர் ஒருவருடைய இழப்பு.

முருங்கைக்காய் ஒரு கட்டு கொண்டுவந்திருந்தார். தேத்தண்ணி குடித்தார். என்னிடம் திருச்சி வெயிலை விசாரித்தார். கடைக்கு என்ன பெயர் வைப்பது என்று நேசனிடம் கேட்டார்.

“ராசன் அண்ட் சன்ஸ் எண்டு வையுங்கோ,” என்றார் நேசன்.

“எனக்கு மூண்டும் பெட்டையளெல்லோ.”

“அதாலென்ன. மருமக்கள் வருவினம்தானே, சம்பளமில்லாத ஆக்கள்.”

சிரித்தார். எழுந்தார். காலணி மாட்டினார். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கதவு சாத்தியதும் வதனி முருங்கைக்காய்க் கட்டை மேசையில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏசிப்போட்டுப் போயிருந்தா நல்லாயிருந்திருக்கும்,” என்றாள்.

வியாழக்கிழமை ஆற்றோரத்தில் ஒரு பழைய மண்டபம். கூரையில் தங்க முலாம், தரையில் காலடி புதையும் கம்பளம். தீவின் கொடி, தீவின் கடற்கரைப் படம், தீவின் நீலம். குச்சியில் குத்திய இறால், தேங்காய்த் துருவலில் புரட்டிப் பொரித்தது. மட்டக்களப்பில் சாப்பிட்ட மாதிரி இருக்கிறது என்றாள் வதனி, சாப்பிட்டாளே, அதுவே பெரிது. கவுன்சில் வேலைக்குப் போடும் கறுப்புக் கோட்டில் இருந்தாள். அந்தக் கூட்டத்தில் யாரைவிடவும் கணக்குத் தெரிந்தவளாகத் தோன்றினாள்.

மேடையில் ஒரு வழக்கறிஞர் பேசினார். புதுச் சட்டத்தைக் கண்டு பயப்படாதீர்கள் என்றார். “ஒவ்வொரு செல்வத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. மேற்பார்வையாளர்கள் அந்தக் கதையைத்தான் கேட்கிறார்கள். அதை ஒழுங்காக எழுதிக் கொடுப்பது எங்கள் தொழில்.” திரையில் பெட்டிகள் வந்தன. ஒரு நிறுவனத்தின் மேல் இன்னொரு நிறுவனம், அதன்மேல் ஒரு அறக்கட்டளை, அதன்மேல் வேறொரு தீவில் ஒரு நிறுவனம், அம்புக்குறிகள் எல்லாம் மேலே போய் ஒரு வெற்றுப் பெட்டியில் முடிந்தன. “எல்லாம் ஆவணப்படி. எல்லாம் சுத்தம்,” என்றார். கைதட்டினார்கள்.

எனக்குக் காது சுட்டது. கதை எழுதுவது என்னுடைய தொழில். கூலி இல்லாத தொழில். கதையை விலைக்கு வாங்க முடிந்தவன் அந்த மண்டபத்தில் இறால் தின்கிறான். உண்மையை ஒரே வரியில் சொன்னவள் என் பக்கத்தில் காகிதத் தட்டோடு நிற்கிறாள். எங்கள் திருச்சியிலும் பார்த்திருக்கிறேன். கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், பதிவெண் எழுதிய பலகை, வாசலில் காவலாளி என்று இருந்த நிதி நிறுவனம் ஒரு காலையில் பூட்டிக் கிடந்தது. ஓய்வூதியப் பணத்தைக் கொடுத்த வாத்தியார்கள் ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். பலகை கடைசிவரை பளபளப்பாகத்தான் இருந்தது.

வதனி பேச்சு முடியக் காத்திருக்கவில்லை. தீவின் நிதி மேற்பார்வை அலுவலகத்தைச் சேர்ந்தவர் என்று அட்டை மாட்டியிருந்த ஒரு பெண்ணிடம் நேரே போனாள். எங்கள் வயதுதான் இருக்கும். கறுப்பினப் பெண், மஞ்சள் உடை, களைத்த கண்கள். வதனி சுருக்கமாகச் சொன்னாள். இருபது பேர், மாதம் ஒருமுறை, ஆளுக்கொரு முறை.

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“இதற்கு உங்கள் மொழியில் என்ன பெயர்?”

“சீட்டு.”

“நாங்கள் சூசூ என்போம். இது சூசூவேதான். வெள்ளிக்கிழமை சூசூ, சம்பள சூசூ, கிறிஸ்மஸ் சூசூ.” சுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “நானும் ஒன்றில் இருக்கிறேன். எங்கள் அலுவலகத்திலேயே ஒன்று ஓடுகிறது.”

“அப்படியானால் இதில் தப்பில்லை என்று உங்களுக்குத் தெரியும்,” என்றாள் வதனி.

“எனக்குத் தெரியும்.”

“அந்த நிறுவனத்துக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.”

அந்தப் பெண் தன் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தாள். “என்னால் முடியாது. உங்களைப் போல ஒரு கணக்கு என் மேசைக்கு வந்தால் நானும் சந்தேகம் என்றுதான் குறிக்கவேண்டும். குறிக்காவிட்டால் என் வேலை போகும். இந்த விதிகளை நாங்கள் எழுதவில்லை. பெரிய நாடுகள் எழுதி அனுப்பும். பின்பற்றாவிட்டால் கறுப்புப் பட்டியலில் போடுவார்கள். பட்டியலில் வந்தால் எங்கள் வங்கிகளோடு ஒருவரும் பழகமாட்டார்கள். அரிசி இறக்கக்கூடப் பணம் அனுப்ப முடியாது.”

“உங்கள் அலுவலக சூசூ?” என்றேன் நான்.

“அது ரொக்கம். உறையில் போட்டுக் கொடுப்போம். யாரும் பார்ப்பதில்லை.”

அவள்மேல் கோபப்பட முயன்றேன். வரவில்லை. அதுவே இன்னும் எரிச்சலாக இருந்தது. பெரிய நாட்டின் பெரிய திருட்டைப் பிடிக்க எழுதிய விதி, சின்னத் தீவின் கழுத்தைப் பிடிக்கிறது. சின்னத் தீவு தன் பிழைப்புக்காகக் குட்மேய்ஸில் இருக்கும் வதனியின் கழுத்தைப் பிடிக்கிறது. திருடனோ மேடையில் அம்புக்குறி வரைகிறான். தீவுக்காரி எங்கள் இருவருக்கும் ரம் கேக் ஒரு துண்டு கைதுடைக்கும் தாளில் சுற்றிக் கொடுத்தாள். வேறென்ன கொடுப்பாள்.

திரும்பும் ரயிலில் ஸ்ட்ராட்ஃபோர்ட் வரை வதனி கேக் சுற்றிய தாளின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: “அவவும் சீட்டுக் கட்டுறா, கண்டியோ.”

“ஆமா.”

“அவவுக்கு வடிவா விளங்கினது. ஒலிவியாவுக்கு விளங்கேல்லை எண்டா பரவாயில்லை. விளங்கின மனிசியும் ஏலாது எண்டு சொன்னா என்ன செய்யிறது?”

எதிரில் ஒரு பையன் வறுத்த கோழி தின்று எலும்பைப் பெட்டிக்குள் துப்பிக்கொண்டிருந்தான். ரயில் முழுக்க அந்த வாசனை. குட்மேய்ஸ் வரும்வரை அவள் ரம் கேக்கை மடியில் வைத்தபடி இருந்தாள். வீட்டுக்கு வந்து நேசனிடம் கொடுத்தாள். அவர் ஒரே வாயில் போட்டுக்கொண்டு, “உங்கட கேஸுக்கு இதுதான் தீர்ப்போ?” என்றார்.

சனிக்கிழமை காலை ஒலிவியாவிடமிருந்து செய்தி. மரியாதை சொட்டும் ஆங்கிலம். உங்கள் முந்தைய பதிலில் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம்; விரும்பினால் திருத்திய அறிவிப்பைச் சமர்ப்பிக்கலாம். கீழே ஒரு சுட்டி. பணத்தின் மூலம் எது என்று ஒரு பட்டியல் விரிந்தது. சம்பளம், சேமிப்பு, வாரிசுச் சொத்து, வீடு விற்றது, சூதாட்டத்தில் வென்றது. சூதாட்டத்துக்கு இடமிருந்தது. சீட்டுக்கு இல்லை. அதற்கும் கீழே ஒரு சின்னச் சதுரம், பக்கத்தில் ஒரு வாக்கியம்: இந்த நிதி முழுவதும் எனக்கே சொந்தமானது என உறுதியளிக்கிறேன்.

“சேமிப்பு எண்டு போட்டிட்டு அதை அமத்தும்,” என்றார் நேசன். “உம்மட சம்பளத்துக்கு அது சரியா வரும். ஒருத்தனும் கேக்கமாட்டான்.”

“நான் அமத்தமாட்டன்.”

“ஏன்?”

“சீட்டுப் பிடிச்சவை காசோட ஓடேக்க சொல்லுறது என்னெண்டு தெரியுமோ? எல்லாம் என்ர காசு. இதைத்தான் சொல்லுவினம். ஈஸ்ட்ஹாமில ஒருத்தி அப்பிடிச் சொல்லிப்போட்டு ஓடினவ. அந்த வசனத்தை நான் சொல்லோணுமோ?”

“மெஷினுக்குத்தானே சொல்லுறீர். சனத்துக்கு இல்லையே.”

“என்ர வாயாலதானே.”

நேசன் என்னைப் பார்த்தார். அழுத்துடி, தொலையட்டும் என்று சொல்லத்தான் எனக்கும் நாக்கு வந்தது. திங்கட்கிழமை சாவி. ராசண்ணையின் சாய்ந்த தோள். ஆனாலும் அதை நான் சொல்லிக் கொடுக்கவேண்டிய பெண் இல்லை அவள். மேசையிலிருந்த முருங்கைக்காயை எடுத்து நறுக்க ஆரம்பித்தேன். லண்டன் கத்தி, மொண்ணை.

வெகுநேரம் அவள் அந்தச் சதுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அழுத்தினாள். அழுத்திய விரலைச் சேலையில் துடைத்தாள்.

நேசன் ஊற்றிவைத்த தேத்தண்ணி ஆறுவதற்குள் கணக்கு திறந்துகொண்டது. பச்சை நிறத்தில் ஒரு சரி அடையாளம். உண்மை சொன்னபோது வாரக்கணக்கில் யோசித்த இயந்திரம், பொய்யைக் கண்டதும் ஒரு நொடி தயங்கவில்லை. கறுப்புப் பணம் வெளுக்கப்படுவதைத் தடுக்க எழுதிய சட்டம் அந்த வீட்டில் செய்துமுடித்த வேலை இது: கறையே இல்லாத பணத்தில் ஒரு கறையை வைத்து, அதற்குச் சான்றிதழும் கொடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை சனம் வந்தது. வாசல் தட்டு போதாமல் செருப்பும் பூட்ஸும் படிக்கட்டுவரை ஏறின. றோல்ஸ், வடை, முருங்கைக்காய்க் குழம்பு, சோறு. டொராண்டோக்காரர்கள் ஒரு கைபேசியில், பூச்சாடியில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தார்கள். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது, கொட்டாவி விட்டார்கள். ஒருவருக்கொருவர் ஏசிக்கொண்டும் பிள்ளைகளின் பரீட்சையைக் கேட்டுக்கொண்டும் சாப்பிட்டார்கள். வதனி ராசண்ணையின் கணக்குக்குப் பணத்தை அனுப்பிவிட்டு அவர் கைபேசியில் அது விழுந்ததைப் பார்த்தாள்.

“வந்திட்டுதோ அண்ணை?”

“ஓம் பிள்ளை. வந்திட்டுது.” அவர் கைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டுப் பையை ஒருமுறை தட்டிக்கொண்டார்.

அதே நேரம் வதனியின் கைபேசியும் மணியடித்தது. பக்கத்தில் இருந்த சவுத்தால்காரி எட்டிப் பார்த்து உரக்க வாசித்தாள். செயலியிலிருந்து வாழ்த்து. உங்கள் சொந்தச் சேமிப்பின் அளவை முன்னிட்டு உங்களை எங்கள் தங்கநிலை வாடிக்கையாளராக உயர்த்துவதில் மகிழ்கிறோம். இனி உங்களுக்கென்று தனியே ஒரு அலுவலர்.

“அடேயப்பா, வதனி அக்கா கோல்ட் ஆகிட்டா.”

“நேசன் அண்ணை, நீங்கள் இனிப் பெட்ரோல் அடிக்கத் தேவையில்லை.”

“சேமிப்போ? எங்கட காசை உமக்கெண்டே எழுதிப்போட்டீரோ?” என்று பூச்சாடியிலிருந்து டொராண்டோக்காரர் கேட்க, அறையே சிரித்தது. நல்ல மனதோடுதான் சிரித்தார்கள். ஒருவர் முகத்திலும் சந்தேகம் இல்லை.

வதனி சிரிக்கவில்லை. “ஓம். அப்பிடித்தான் எழுதினனான்,” என்றாள்.

பிறகு நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். ஒலிவியா, தபால் வாங்கும் கட்டடம், தீவுக்காரி, சின்னச் சதுரம். சொல்லி முடித்ததும் யாரோ, “அதுக்கென்ன, பேணியைக் கொண்டுவாரும், அடுத்த சுற்றுக்குப் பேரைப் போடுவம்,” என்றார்கள்.

“இல்லை. இனி நான் பிடிக்கேல்லை.”

“விசர்க் கதை கதையாதையும். உம்மில ஆருக்கு நம்பிக்கை இல்லை? சொல்லும் பாப்பம்.”

“உங்களுக்கு இருக்கு. எனக்கு என்னில இருக்கோணுமெல்லோ.”

“அப்ப பழையபடி காசாக் குடுப்பம். உறையில போட்டு,” என்றார் இன்னொருவர்.

“ஒளிச்சோ? கள்ளக் கடத்தல்காரர் மாதிரியோ? இத்தனை வருசமும் முன் கதவைத் திறந்து வைச்சுக்கொண்டுதான் நான் சீட்டுப் பிடிச்சனான்.”

ராசண்ணை எழுந்து நின்றார். “என்னாலதானே தங்கச்சி. நான் அவசரப்படாட்டி…”

“உங்களால இல்லை அண்ணை. இருங்கோ. குழம்பு இருக்கு, போட்டுக்கொள்ளுங்கோ.”

அவர் உட்கார்ந்தார். யாரும் போட்டுக்கொள்ளவில்லை. டொராண்டோவின் முகங்கள் அசையாமல் இருந்தன. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன், இல்லை, அவர்களும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன், சும்மா, சத்தத்துக்கு. எனக்கு அந்த மண்டபத்துக்குத் திரும்பப் போய்த் தங்க முலாம் பூசிய அந்தக் கூரையின் கீழ் ஒரு தட்டையாவது உடைக்கவேண்டும் போல இருந்தது. அவர்களுடைய ஆண்டறிக்கையில் இது ஒரு சந்தேகம் தீர்ந்த கணக்கு. ஒரு ஊர் கலைந்தது என்று எழுத அவர்களிடம் கட்டம் கிடையாது.

சனம் புறப்பட்டது. வாசலில் குனிந்து அவரவர் செருப்பைத் தேடினார்கள். ஒவ்வொரு மாதமும் இந்த இடத்தில் “அப்ப அடுத்த மாசம் பாப்பம்” என்று சொல்லிக்கொண்டுதான் போவார்களாம். முதலில் வெளியேறிய சவுத்தால்காரி அந்த வாக்கியத்தைத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினாள்.

“அப்ப… பாப்பம் அக்கா.”

“ஓம், பாப்பம்,” என்றாள் வதனி.

பின்னால் வந்தவர்களும் அதையே சொன்னார்கள். எப்போது என்று யாரும் சொல்லவில்லை.